கூட்டு சுவாதீனம்

பாகப்பிரிவினை வழக்குப் போட வருகிறவரிடம் ஏக்கர் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இப்போ சொத்துல நீங்க இருக்கீங்களா, வெளியே தள்ளிட்டாங்களா?" காரணம் காசுதான். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம், 1955-இன் 37-ஆவது பிரிவு வாதிகளை இரண்டாகப் பிரிக்கிறது. கூட்டு சுவாதீனத்தில் இருக்கிறேன் என்கிறவர் 37(2)-இன் கீழ் சிறு தொகையைக் கட்டிவிட்டு உள்ளே வரலாம். வெளியேற்றப்பட்டவர் 37(1)-இன் கீழ் தன் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டும். அன்றைக்கு அது மதிப்பில் ஏழரை சதவீதம். 2017-ல்தான் மூன்றாகக் குறைத்தார்கள். மலையடிவாரத்துத் தோட்டம் விற்கிற விலைக்கு ஏழரை சதவீதம் என்றால் பல பேர் வழக்கே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார்கள்.

2011-ல் ஆயக்குடிக்காரர் ஒருவர் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்: "நான் சிங்கப்பூர்ல இருக்கேன் சார்."

1992-லிருந்து அங்கேதான் இருக்கிறார். நடுவில் லீவுக்கு வந்ததைத் தவிர தோட்டத்தில் கால் வைத்ததில்லை. "அப்படின்னா சட்டப்படி நீங்க தோட்டத்துலதான் இருக்கீங்க" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கிண்டல் இல்லை. நீலாவதி எதிர் நடராஜன் என்று 1979-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று இருக்கிறது. நம் தமிழ்நாட்டு வழக்கு, இதே 37-ஆவது பிரிவைப் பற்றியது. கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் நிலத்தில் இருந்தால் எல்லோரும் இருப்பதாகத்தான் அர்த்தம்; வெளியே தள்ளினார்கள் என்று காட்டாத வரை வாதி நேரில் உழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. அதற்கும் முன்னால், 1956-லேயே, லட்சுமி ரெட்டி வழக்கில் இதன் அடிப்படையைப் போட்டுவிட்டார்கள். அண்ணன் மிதித்தால் தம்பி மிதித்ததாகக் கணக்கு. சிங்கப்பூர் ஈசூனில் ஒன்பதாவது மாடியில் படுத்திருக்கிற மனிதரின் கால், ஆயக்குடிக் கொய்யாத் தோட்டத்தில் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தச் சலுகையை வைத்துத்தான் வழக்கைத் தாக்கல் செய்தேன். வழக்கு நடந்த பத்துச் சொச்சம் வருடத்தில் கட்சிக்காரரின் மனசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்ததை நான் கட்டைப் புரட்டிப் புரட்டியே தெரிந்துகொண்டேன். அவராக அதையெல்லாம் உட்கார்ந்து சொன்னவர் இல்லை.

பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகிறவர்களுக்கு ஆயக்குடி என்றால் கொய்யா. பொழுது விடிவதற்குள் பறித்துக் கொண்டுவந்து சந்தையில் பெட்டி பெட்டியாகக் கொட்டிவிடுவார்கள். வெயில் ஏறினால் விலை இறங்கும். கேரளா லாரி கிளம்பிவிட்டால் மிச்சம் இருப்பது சாலையோரக் கூடைக்கு. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் அந்தக் கூடையில் வாங்கிக் கடித்துக்கொண்டேதான் மலையைப் பார்த்து நடப்பார்கள். கட்சிக்காரரின் தகப்பனார் சுயசம்பாத்தியத்தில் வாங்கிய தோட்டம் நாலு ஏக்கர் எண்பது சென்ட். ஒரு கிணறு, பின்னால் போட்ட ஒரு போர். அவர் 2006-ல் உயில் எழுதாமல் காலமானார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நாலு பேருக்கும் கால் கால் பங்கு. கணக்கு அவ்வளவுதான், இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். சண்டைக்குக் காரணம் 2008-ல் தம்பி அண்ணனுக்கு எழுதிய ஒரு கடிதம்.

அதற்கு முந்தைய கடிதங்களைச் சொல்லிவிட்டுத்தான் அதற்கு வர வேண்டும். கட்சிக்காரர் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி, கப்பல் பட்டறைக்கு ஒர்க் பெர்மிட்டில் போனவர். ஒர்க் பெர்மிட்காரர் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இன்றைக்கும் அதுதான் விதி. முதல் சில வருடங்களில் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களை அவருடைய தாயார் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். மகள் கையில் அது சேர்ந்து, மகள் வழியாக எங்கள் கட்டுக்கு வந்தது. அந்த வயதில் எல்லோரும் எழுதுகிற கடிதம்தான். வேலை இருக்கிறது, சோறு இருக்கிறது, பேச ஆள் இல்லை. தூங்குகிற இடத்தில் கட்டிலுக்கு மேல் கட்டில். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கிணற்றை ஆழப்படுத்தக் காசு சேர்த்துவிட்டு வந்துவிடுகிறேன். 1993-லும் அதே வரி, 1995-லும் அதே வரி. இந்த ஊர் மனுஷன் குடியிருக்கிற ஊர் இல்லை என்று ஒன்றில் எழுதியிருந்தார். என்னைப் பொறுத்தவரை அதில் பயன்பட்டது கிணறுதான். கிணற்றை ஆழப்படுத்தியதற்கு அவர் பணம் வந்தது என்று காட்ட அந்தக் கடிதங்களைத் தவிர வேறு காகிதம் கிடையாது.

ஏன் கிடையாது என்று வெளிநாடு போனவர் வீட்டில் கேட்டால் உடனே சொல்வார்கள். அந்தக் காலத்தில் பணம் வந்தது பேங்கில் அல்ல, உண்டியலில். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கடையில் டாலரைக் கொடுத்தால், மூன்றாம் நாள் ஆயக்குடி வீட்டு வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். பேங்க் ரேட்டைவிடக் கூட. ஆனால் ரசீது கிடையாது, அது சட்டத்துக்கு விரோதமும்கூட. வழக்கு என்று வரும்போது பல வருடச் சம்பாத்தியம் காற்றோடு போய்விடும். அண்ணன் பெயரில் மோட்டார் பில் இருக்கும், அண்ணன் பெயரில் பைப் பில் இருக்கும். தம்பி அனுப்பியதற்கு அம்மா சாட்சி. குறுக்கு விசாரணையில் இதைத் தோண்டினால் நமக்கே ஆபத்து என்பதால் நான் மெல்லத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலும் தோண்டவில்லை. வாங்கிக்கொண்டது அவர் கட்சிக்காரர் ஆயிற்றே.

நடுவில் வேலை அட்டை மாறி, சூபர்வைசர் ஆகி, மனைவியும் கைக்குழந்தையாக விட்டுப்போன மகனும் அங்கே போய்ச் சேர்ந்து, 2004-ல் நிரந்தரவாசி அட்டை கிடைத்தது. 2007-ல் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றை மறுவிற்பனையில் வாங்கினார். அந்தச் சந்தோஷத்தில் எழுதியதுதான் 2008 கடிதம். பிரதிவாதி தரப்பின் முதல் சான்றாவணம் அது. வாசகம் எனக்கு இன்னும் பாடம்:

"அண்ணா, இங்க வீடு வாங்கியாச்சு. தண்ணி, கரண்ட், பஸ் எல்லாம் சொன்ன நேரத்துக்கு வருது. பையன் ஸ்கூல்ல தமிழ் படிக்கிறான். ஆபீஸ்ல ஒரு பேப்பர் வாங்க யாருக்கும் காசு தர வேண்டாம். இனிமே நம்ம ஊருக்கு வந்து என்னால குப்பை கொட்ட முடியாது. தோட்டத்தை நீயே வச்சுக்கோ."

அந்த நாட்டில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. 'தமிழ் முரசு' 1935-லிருந்து வருகிறது. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில், செட்டியார்கள் 1859-ல் கட்டியது. பழனிக்குப் பக்கத்தில் பிறந்த ஒருவருக்கு அதைவிட என்ன வேண்டும்? கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவர் அப்படித்தான் நினைத்தார்.

2009-ல் உலகம் முழுக்க மந்தம். அவர் கம்பெனியிலும் ஆட்களைக் குறைத்தார்கள். இவர் பெயரும் பட்டியலில் வந்தது. வீட்டுக்கடன் இருக்கிறது, வேலை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் சொர்க்கமாக இருந்த ஒன்பதாவது மாடி மாசத்தவணையாகத் தெரிய ஆரம்பித்தது. வீட்டை விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிடலாமா என்று பார்த்தால் அதிலும் ஒரு சிக்கல். வீவக குடியிருப்பில் எந்த இனத்தார் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று 1989-லிருந்து விகிதம் உண்டு. ஒரு பிளாக்கில் சீனர் பங்கு நிரம்பியிருந்தால் இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குகிற ஆள் குறைவு, விலையும் குறைவு. இனங்கள் தனித்தனிச் சேரியாகப் பிரியக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த விதி அது. நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சாதிக்கு ஒரு தெரு வைத்திருக்கிற நாட்டிலிருந்து போனவர்களுக்கு அதைக் குறை சொல்லும் யோக்கியதையும் இல்லை. ஆனால் விற்க வேண்டிய நேரத்தில் கை கட்டப்பட்டவருக்கு நோக்கமா தெரியும்?

2010-ல் ஊருக்கு வந்து, தோட்டத்தில் என் பங்கைப் பிரித்துக் கொடு, இங்கேயே விவசாயம் பார்க்கிறேன் என்றார். அண்ணன் உள்ளே போய் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பட்டாவும் அதற்குள் அண்ணன் பெயரில் மாறியிருந்தது.

அண்ணனைக் கெட்டவராக எழுத எனக்கு மனசு வரவில்லை. நான் எதிர்த்து நடத்திய மனிதர்தான். அப்பாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவர், தங்கை கல்யாணத்துக்கு ஓடியவர், யானை இறங்கிய ராத்திரிகளில் தோட்டத்தில் தகரம் தட்டியவர் அவர். தம்பி எழுதிக் கொடுத்துவிட்டான் என்று நம்பி, பழைய மரங்களைப் பிடுங்கிவிட்டு லக்னோ-49 கன்று நட்டிருந்தார். அது காய்ப்புக்கு வருகிற நேரத்தில் தம்பி வந்து பங்கு கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் சட்டம் கோபத்தையும் பார்க்காது, சந்தோஷத்தையும் பார்க்காது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்க, பதிவுச் சட்டம் 17-ஆவது பிரிவின்படி பதிவு செய்த பத்திரம் வேண்டும். வெறும் கடிதத்தில் விடுதலை கிடையாது. எதிரிடை அனுபோகம் என்று போனால் பன்னிரண்டு வருடம் வேண்டும். 2008-லிருந்து எண்ணினால் மூன்றுதான் ஆகியிருந்தது. ஆகையால் வழக்கின் முதல் பாதி எனக்குச் சுலபம். கட்சிக்காரருக்குத்தான் சுலபமாக இல்லை. வழக்குரையில், வாதி தன் பூர்வீக ஊரோடு உள்ள பந்தத்தை ஒருபோதும் விட்டதில்லை என்று எழுதியிருந்தேன். எல்லா வக்கீலும் எழுதுகிற வாசகம்தான். கையெழுத்துப் போடும்போது அந்த இடத்தில் நிறுத்திப் படித்துவிட்டு, "கொஞ்ச நாள் விட்டேன் சார்" என்றார். நான் பேனாவைக் காட்டினேன், போட்டார்.

வழக்குப் போட்ட கையோடு அங்கே வேறு வேலை கிடைத்தது, போய்விட்டார். அதிகாரப் பத்திரம் ஒன்றை மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கை கணவருக்குக் கொடுத்தார். கிரேஞ்ச் ரோடு இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி, இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டி வாங்கிய பத்திரம். வாய்தாவுக்கு நிற்க, மனுப் போட அது போதும். சாட்சி சொல்லப் போதாது. ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கொடுத்தவருக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை வாங்கியவர் கூண்டில் நின்று சொல்ல முடியாது. 2008-ல் என்ன மனநிலையில் கடிதம் எழுதினாய் என்ற கேள்விக்கு மாப்பிள்ளை என்ன பதில் சொல்வார்?

வாய்தா வாய்தாவாக வருடங்கள் போயின. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்து, அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. போலீஸ் வண்டிகள், ஆம்புலன்ஸ் எரிந்தன. 1969-க்குப் பிறகு அந்த நாடு பார்த்த முதல் பெரிய கலவரம் என்றார்கள். கட்சிக்காரர் அன்று அங்கே இல்லை. ஆனால் அடுத்த வாரம் வழக்கு விஷயமாகப் போன் செய்தவர் வழக்கை விட்டுவிட்டு இதையே பேசினார். தேக்காவில் காய் வாங்கப் போனவரை நிறுத்தி அட்டை கேட்டார்களாம். நிரந்தரவாசிக்கு நீல அட்டை, குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு. "இருபது வருஷம் சார். இன்னும் அட்டையத்தான் பாக்குறான்." வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் இந்தியர் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போடுவது, தைப்பூசக் காவடிக்கு 1973-லிருந்து மேளதாளம் கூடாது என்பது, எல்லாம் அன்றைக்கு ஒரு மூச்சில் வந்தது. வழக்கைச் சீக்கிரம் முடியுங்கள், பங்கு வந்தால் அடுத்த வருடமே கிளம்பிவிடுகிறேன் என்று போனை வைத்தார்.

நான் அதை நம்பினேன். ஆகையால் 2015-ல் ஒரு கவர் வந்தபோது எனக்குத் திக்கென்றது. உள்ளே அவருடைய இந்தியப் பாஸ்போர்ட்டின் நகல். மூலையை வெட்டி, ரத்து என்று முத்திரை குத்தியது. கூடவே ஒப்படைப்புச் சான்றிதழ். சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டார்.

அந்த நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. நம் நாட்டிலும் கிடையாது. 1955-ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம் 9-ஆவது பிரிவுப்படி, வலியப் போய் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்குகிறவர் அந்த நிமிடமே இந்தியர் இல்லை. என்ன நடந்தது என்று பிறகு கேட்டேன். மகன் பதினெட்டை நெருங்குகிறான். நிரந்தரவாசிகளின் ஆண் பிள்ளைகளும் தேசிய சேவைக்குப் போயாக வேண்டும், இரண்டு வருடம். எப்படியும் துப்பாக்கி தூக்கப் போகிறவன், இளஞ்சிவப்பு அட்டையோடு தூக்கட்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இவர் பிடி கொடுக்கவில்லை. அந்த மார்ச் 23-ஆம் தேதி லீ குவான் யூ இறந்தார். பாராளுமன்றக் கட்டடத்தில் உடலைப் பார்க்க நாலரை லட்சம் பேர் வரிசையில் நின்றார்கள். நம் மன்னார்குடிப் பக்கத்தில்கூடக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். இவர் வேலை முடித்து, ராத்திரி போய் வரிசையில் நின்று, விடியற்காலையில்தான் உள்ளே போயிருக்கிறார். பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, வீடு எங்கே என்று கேட்டாராம். யோசிக்காமல் ஈசூன் என்று சொல்லிவிட்டாராம். "ஊரு எதுன்னு கேட்டிருந்தா ஆயக்குடின்னு சொல்லியிருப்பேன் சார், வீடுன்னுல்ல கேட்டுச்சு" என்று என்னிடம் விளக்கம் வேறு. எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கு இருந்த கவலை அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்.

வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினர் இங்கே வீடு வாங்கலாம், ஃப்ளாட் வாங்கலாம். விவசாய நிலம் வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. ஆனால் வாரிசாகப் பெறலாம். இந்தியாவில் வசித்தவரிடமிருந்து வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ள 1999-ஆம் வருடச் சட்டத்தின் 6(5) பிரிவு அனுமதிக்கிறது. அப்பா இறந்த 2006-ல் இவர் இந்தியக் குடிமகன். கால் பங்கு அன்றைக்கே இவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதில் எனக்குப் பயம் இல்லை. ஆனால் 2016-ல், வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, தாயார் காலமானார். அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் போக வேண்டும். இப்போது வாதி சிங்கப்பூர்க்காரர். கூடுதல் எதிர்வழக்குரை வந்தது: அந்நிய நாட்டவர் இந்திய விவசாய நிலத்தை அடைய முடியாது, குறைந்தபட்சம் தாயாரின் பங்கிலாவது இவருக்கு ஒன்றும் கிடையாது.

ஒரே தோட்டம், இரண்டு மரணம், இரண்டு பாஸ்போர்ட். கால் பங்கில் மூன்றில் ஒன்று என்றால் பன்னிரண்டில் ஒன்று. நாலு ஏக்கர் எண்பதில் அது நாற்பது சென்ட். இருபதடி இடைவெளியில் நட்ட கொய்யா என்றால் நாற்பது சொச்சம் மரம். இந்த நாற்பது மரத்துக்காகத்தான் சார்பு நீதிமன்றத்தில் அவ்வளவு வாதம் நடந்தது.

2017-ல் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பில் எங்கள் பாரிலேயே மூத்தவர்; குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். மகன் எந்த நாட்டு ராணுவத்தில் இருக்கிறான் என்று ஆரம்பித்தார். சிங்கப்பூர். பயிற்சி முடிப்பைப் பார்க்கப் போனீர்களா? போனேன். அங்கே தேசிய கீதம் பாடும்போது எழுந்து நின்றீர்களா? நின்றேன். நாளைக்கு அந்த நாட்டுக்கும் இந்தியாவுக்கும் சண்டை வந்தால் உங்கள் மகன் யாரைச் சுடுவான்? நான் எழுந்து ஆட்சேபித்தேன். நீதிபதி அந்தக் கேள்வி வேண்டாம் என்றார், பதிவாகவில்லை. ஆனால் கேட்டது கேட்டதுதான். கட்சிக்காரரின் முகம் அதற்குப் பிறகு சரியாகவே இல்லை. இடைவேளையில் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, மகனைத் தெக்கோங் தீவுக்குப் படகில் கொண்டுபோய் விட்ட நாளைச் சொன்னார். பெற்றோருக்கும் அன்று அங்கேயே சாப்பாடு போடுவார்களாம். பயிற்சி முடிகிறபோது இருபத்து நாலு கிலோமீட்டர் மூட்டையோடு நடந்து வந்து, மரினா பே மிதக்கும் மேடையில் தொப்பியைத் தூக்கிப் போடுகிறார்கள். "பாதயாத்திரை மாதிரியே கால் வீங்கி வந்தான் சார்."

சாட்சிய வாக்குமூலம் எங்கள் நீதிமன்றங்களில் எப்படிப் பதிவாகும் என்று வெளியில் பலருக்குத் தெரியாது. கேள்வியும் பதிலும் தனித்தனியாக வராது. இரண்டையும் சேர்த்து, சாட்சியே சொல்வதுபோல் நீதிபதி சொல்லச் சொல்ல டைப் அடிப்பார்கள். அந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "நான் சிங்கப்பூரிலேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டேன் என்றால் சரிதான். அந்த நாட்டுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுத்துள்ளேன் என்றால் சரிதான். எனவே எனக்கும் ஆயக்குடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றால் சரியல்ல. பி.சா.ஆ.1 கடிதத்தை நான் மனப்பூர்வமாகத்தான் எழுதினேன் என்றால் சரிதான். அதன்மூலம் என் பாகத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்றால் சரியல்ல."

மனப்பூர்வமாக எழுதினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டாம், ஏதோ கோபத்தில் எழுதினேன் என்று சொல்லுங்கள் என்று நான் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். கேட்கவில்லை. அந்த ஒரு பதில் வழக்கைக் கெடுக்கவில்லை என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு நீதிபதி அவர் சொன்ன மற்றதை எல்லாம் நம்பினார் என்று எனக்குத் தோன்றியது.

2018-ல் முதனிலைத் தீர்ப்பாணை, மூன்றில் ஒரு பங்கு. கடிதம் விடுதலைப் பத்திரம் ஆகாது. கூட்டு சுவாதீனம் தொடர்கிறது. தாயாரின் பங்கு வாரிசாக வந்தது, கிரயமும் இல்லை தானமும் இல்லை, ஆகவே தடையில்லை. திண்டுக்கல்லில் மேல்முறையீடும் நிற்கவில்லை. பிறகு இறுதித் தீர்ப்பாணை மனு, ஆணையர் நியமனம். 2020 வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது.

அந்த வருடம் அவர் பேசியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளை அடைத்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தொற்றில் பெரும்பகுதி அவர்களிடம். சாப்பாடு கொடுத்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள், வெளியே மட்டும் விடவில்லை. ஊரில் மற்றவர்களுக்குக் கடை திறந்து வெகு நாள் ஆன பிறகும் அவர்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. கட்சிக்காரருக்குக் கீழே வேலை பார்த்த பையன்கள் அங்கே உள்ளே இருந்தார்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பிள்ளைகள். இவர் மாலையில் ஈசூன் குளத்தங்கரையில் நடந்துவிட்டு வந்து அவர்களிடம் போனில் பேசுவார். "நான் எந்தக் கட்டில்ல படுத்தேனோ அதே கட்டில்ல இருக்கானுங்க சார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்." என் நாடு இப்படிச் செய்கிறதே என்று சொன்னார். 2013-ல் போனில் அவன், அவனுக என்று திட்டியவர், இந்த முறை என் நாடு என்று சொல்லித் திட்டினார். உரிமை உள்ளவர் திட்டுகிற தொனி வேறு. ஒரு வக்கீல் காதுக்கு அது தப்பாது.

2022-ல் ஆணையர் சங்கிலி போட்டு அளந்து, மரம் எண்ணி, கிணற்றைப் பொதுவில் விட்டு, முறைத் தண்ணீர் வைத்துப் பிரித்துக் கொடுத்தார். மேற்குப் பக்கம் ஒரு ஏக்கர் அறுபது இவருக்கு. முத்திரைத் தாளில் தீர்ப்பாணை வாங்கிக் கையில் கொடுத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணனுக்கு வழக்குச் செலவு, மகள் கல்யாணக் கடன். தன் பங்கை விற்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார், தம்பிக்கே முதலில். வருடக்கணக்கில் எதிரெதிராக நின்றுவிட்டு, வெளி ஆளுக்குப் போவதற்கு முன்னால் நீ எடுத்துக்கோ என்கிறார். தம்பிக்கும் ஆசை, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, பணமும் இருக்கிறது. என் அறைக்கு வந்தார். முடியாது என்றேன். வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம்; விற்பதாக இருந்தால் இங்கே வசிக்கிற இந்தியருக்கு விற்கலாம்; வாங்க மட்டும் ஒரு சென்ட்கூட முடியாது. "எங்க அப்பா வாங்குன நிலம் சார்." இருக்கலாம். தங்கச்சி மகன் பெயரில் நான் காசு போட்டு வாங்கினால்? அதற்குப் பினாமி என்று பெயர், 2016 திருத்தத்துக்குப் பிறகு நிலமும் போகும், ஜெயிலும் உண்டு. அந்தப் பேச்சை இந்த அறையில் பேசாதீர்கள் என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, திரும்ப இந்தியர் ஆக வழி உண்டா என்றார். உண்டு. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை எடுத்து ஐந்து வருடம் ஆகியிருந்து, விண்ணப்பிப்பதற்கு முன் பன்னிரண்டு மாதம் இங்கே வசித்திருந்தால் 5(1)(g) பிரிவில் கேட்கலாம். பழைய பாஸ்போர்ட்டைப் போலவே சிங்கப்பூரின் சிவப்புப் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மகனுக்கு வருடா வருடம் ரிசர்விஸ்ட் பயிற்சி இருக்கிறது, மனைவியின் கண் ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் டேட் வாங்கியிருக்கிறது என்று எதை எதையோ சொல்லிக்கொண்டே எழுந்தார். விண்ணப்பம் இதுவரை போடவில்லை. போட மாட்டார் என்பது என் கணிப்பு. சிங்கப்பூரில் என்ன குறை என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்வார். அதையே வேறொருவர் சொன்னால் அடுத்த அரை மணி நேரம் சண்டைக்குப் போவார். ஆயக்குடியைப் பற்றியும் அப்படித்தான்.

அண்ணன் பங்கை ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரி ஒருவர் கிரயம் வாங்கி, சுற்றிலும் கம்பி வேலி போட்டுவிட்டார். இவர் பங்கைத் தங்கை மகன் குத்தகைக்குப் பார்க்கிறான். குத்தகைப் பணம் முறைப்படி என்.ஆர்.ஓ. கணக்குக்குப் போகிறது. உண்டியல் காலம் போய்விட்டது. போன மாதம் அந்தப் பையன் வந்தான். வியாபாரி கிணற்றில் முறை கொடுக்க மறுக்கிறாராம், மோட்டார் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டாராம். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் நிரந்தர உறுத்துக் கட்டளை கேட்டு வழக்குப் போட வேண்டும், மறுபடி சில வருடம் ஆகும் என்று ஈசூனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"போடுங்க சார். பவர் எல்லாம் வேண்டாம், கூண்டுக்கு நானே வர்றேன்" என்றார்.